புள்ளிக்குக் கணக்கு எழுதிய தாத்தா

பக்கத்தில் ஏதாவது நியூஸ்பேப்பர் கிடந்தால் எடுங்க. அதில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மொபைல் கேமராவில் நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. முகம் காணாமல் போயிடும். கண், மூக்கு, மீசை எல்லாம் போய் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் குட்டிப் புள்ளி. சாம்பல் நிறம்னு நாம பார்த்துக்கிட்டு இருந்தது அந்தத் தாளில் எங்கேயுமே கிடையாது. இருப்பது ஒரே ஒரு கறுப்பு மை. மிச்ச வேலையை நம்ம கண்ணே செஞ்சுக்குது.

இதுக்கு ஹாஃப்டோன்னு பேரு. இன்னைக்கு அது கம்ப்யூட்டரில் ஒரு கிளிக். ஆனா 120, 130 வருஷத்துக்கு முன்னாடி, இந்தப் புள்ளி எப்படிப் பிறக்குது, ஒரு நாள் அழகா வர்றது மறுநாள் ஏன் சேறு மாதிரி அப்பிக்குதுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தவங்க உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர். அதில் ஒருத்தர் கல்கத்தாவில் உட்கார்ந்துகிட்டுப் போட்டார். அவர் இன்ஜினியர் இல்லை. குழந்தைகளுக்குக் கதை எழுதினவர், வயலின் வாசிச்சவர். அவருடைய பேரனை உங்களுக்குத் தெரியும்: சத்யஜித் ரே. 1969இல் அவர் எடுத்த கூபி கைன் பாகா பைன் படத்தின் கதை, தாத்தா எழுதினதுதான். தாத்தா பேர் உபேந்திரகிஷோர் ரே சௌத்ரி.

பிறக்கும்போது அந்தப் பேர் இல்லை. 1863 மே மாசம், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் பக்கம் மசுவா என்ற ஊரில் பிறந்த பையனுக்கு வீட்டில் வெச்ச பேர் காமதாரஞ்சன். அஞ்சு வயசு வாக்கில் சொந்தக்காரரான ஹரிகிஷோர் ரே சௌத்ரி என்ற ஜமீன்தார் அவனைத் தத்து எடுத்தார். பேரும் மாறிடுச்சு. பள்ளிப் படிப்பு மைமன்சிங் ஜில்லா ஸ்கூலில். அப்புறம் கல்கத்தா, பிரசிடென்சி காலேஜ். கடைசியில் 1884இல் மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூஷனில் பி.ஏ. முடிச்சார். ஜமீன் வீட்டுப் பையன், பி.ஏ. வேற. அந்தக் காலத்தில் இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் வசூல் கணக்குப் பார்த்துக்கிட்டே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

அவர் போகலை. பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். சமாஜத் தலைவர்களில் ஒருத்தரான துவாரகாநாத் கங்கூலியின் மகள் பிதுமுகியைக் கல்யாணம் பண்ணினார். இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். துவாரகாநாத்தின் இரண்டாவது மனைவி காதம்பினி கங்கூலி. கல்கத்தா யுனிவர்சிட்டியில் முதன்முதலா பட்டம் வாங்கின இரண்டு பெண்களில் ஒருத்தர், நம்ம நாட்டின் முதல் பெண் டாக்டர்களில் ஒருத்தர். மாப்பிள்ளையைவிட மாமியாருக்கு இரண்டே வயசுதான் அதிகம். எல்லாரும் கார்ன்வாலிஸ் தெருவில் ஒரே பெரிய வீட்டில்தான் குடியிருந்தாங்க. ஒரு பக்கம் ஸ்டெதஸ்கோப், ஒரு பக்கம் வயலின், நடுவில் குழந்தைகள். உபேந்திரகிஷோருக்கும் பிதுமுகிக்கும் ஆறு பிள்ளைகள்.

அவருக்கு அடிப்படையில் ஒரே ஆசைதான்: குழந்தைகள் படிக்கிற மாதிரி எழுதணும், அதுக்கு நல்ல படம் போடணும். ராமாயணத்தைக் குழந்தைகளுக்காக எளிய வங்காளியில் எழுதினார். படங்களையும் தானே வரைந்தார். அந்தப் புத்தகம்தான் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. கதைக்குக் கிடைத்த வரவேற்பால் இல்லை, அச்சில் வந்த படங்களைப் பார்த்து வந்த எரிச்சலால்.

அந்தக் காலத்தில் படம் அச்சடிக்கணும்னா, ஓவியர் வரைந்ததைப் பார்த்து இன்னொருத்தர் மரக்கட்டையில் செதுக்கித் தருவார். செதுக்குகிறவர் கை எப்படியோ படமும் அப்படி. மெல்லிய நிழல், முகத்தில் ஒரு சின்ன பாவம், இதெல்லாம் உளி முனையில் காணாமல் போயிடும். ராமாயணப் படங்களுக்கும் அதுதான் நடந்தது. தான் வரைந்ததுக்கும் அச்சில் வந்ததுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சது. நாமளா இருந்தா வேற பிளாக்காரரைத் தேடியிருப்போம், இல்லைன்னா விதின்னு விட்டிருப்போம். அவர் லண்டனில் இருந்த பென்ரோஸ் கம்பெனிக்கு எழுதி, புத்தகங்களையும் கேமராவையும் மற்ற கருவிகளையும் வரவழைத்தார். சொல்லித்தர பக்கத்தில் யாரும் இல்லை. கப்பலில் வந்த புத்தகத்தைப் படிச்சு, செஞ்சு பார்த்துத் தானே கத்துக்கிட்டார். 1895இல் யு. ரே என்ற பேரில் பிளாக் செய்யும் தொழிலையே ஆரம்பிச்சுட்டார்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம் வரும். கழட்டிப் பார்த்துக் கத்துக்கிற அதே ஜாதி மனுஷன்தான் இவரும். ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடணும். இவருக்குப் பின்னாடி ஜமீன் குடும்பத்துச் சொத்து இருந்தது. லண்டனிலிருந்து கேமரா வரவழைக்க வெறும் ஆர்வம் போதாது, காசும் வேணும். தானே கத்துக்கிட்ட மேதைன்னு எழுதுகிறவங்க இந்த வரியை விட்டுடுறாங்க. என்னைப் பொறுத்தவரை இது அவர் பெருமையைக் குறைக்கலை. காசு இருந்த எத்தனையோ பேர் அதை ஃபெர்ரிக் குளோரைடில் கரைக்கலையே.

அவர் மாட்டிக்கிட்ட பிரச்சினை என்னன்னு இப்போ கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஈ.சி.ஈ., மெக்கானிக்கல்னு பிரிவு பார்க்காமல் படிங்க, எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு.

ஃபோட்டோவில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை எல்லா நிழலும் தொடர்ச்சியா இருக்கும். அச்சு மெஷினுக்கு அப்படி எதுவும் தெரியாது. மை ஒட்டும், இல்லைன்னா ஒட்டாது. நம்ம பாஷையில் ஒண்ணு அல்லது ஜீரோ. அதனால் நிழலைப் புள்ளியின் அளவா மாத்தணும். அதுக்கு ஒரு கண்ணாடி ஸ்க்ரீன் வேணும். இரண்டு கண்ணாடித் தகடுகளில் நெருக்கமா இணைகோடுகள் கீறி, கீறலில் கறுப்பு நிரப்பி, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா வர்ற மாதிரி ஒட்டினால் நுணுக்கமான ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சல்லடை கிடைக்கும். அமெரிக்காவில் ஃபிலடெல்பியாவின் லெவி சகோதரர்கள் இந்த ஸ்க்ரீனைச் செஞ்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. பெரிய கேமராவுக்குள், நெகட்டிவ் தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் இந்த ஸ்க்ரீனை நிறுத்தணும். தகட்டைத் தொடக்கூடாது, ரொம்பத் தள்ளியும் போகக்கூடாது. அந்தச் சில மில்லிமீட்டரில்தான் எல்லாமே இருக்கு.

தூரம் குறைந்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் வந்து, படம் தட்டையா செத்துப்போயிடும். தூரம் கூடினால் புள்ளிகள் ஒண்ணோடு ஒண்ணு கரைஞ்சு நிழலும் வெளிச்சமும் கலங்கிப்போகும். லெ‌ன்ஸில் போடும் ஸ்டாப், அதாவது அப்பெர்ச்சரின் அளவு மாறினால் கதை மறுபடியும் மாறும். அப்போ பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இதைக் கைப்பழக்கத்தில்தான் செஞ்சாங்க. வந்தா மலை, வராட்டி இன்னொரு தகடு. உபேந்திரகிஷோர் கேட்ட கேள்வி: இதைக் கணக்கா எழுத முடியுமா?

முடியும். ஸ்க்ரீனில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு பின்ஹோல் கேமரான்னு நினைச்சுக்கோங்க. அந்தக் குட்டிக் கேமரா எதைப் படம் பிடிக்குது? முன்னால் இருக்கும் லென்ஸ் ஸ்டாப்பின் வெளிச்சமான வட்டத்தை. அப்போ புள்ளி என்பது ஸ்டாப்பின் நிழலுருவம். இங்கே பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம் வேலை செய்யுது. ஸ்க்ரீனுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை, லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் விகிதமும், ஸ்க்ரீன் ஓட்டையின் அகலத்தை ஸ்டாப்பின் விட்டத்தால் வகுத்தால் வரும் விகிதமும் ஒண்ணா இருக்கணும்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்குலத்துக்கு 150 கோடு உள்ள ஸ்க்ரீன். கோட்டுக்குக் கோடு 0.169 மில்லிமீட்டர். அதில் பாதி கறுப்பு, பாதி ஓட்டை. ஓட்டை 0.085 மில்லிமீட்டர். லென்ஸிலிருந்து தகடு 640 மில்லிமீட்டர், ஸ்டாப் 10 மில்லிமீட்டர்னு வெச்சால், ஸ்க்ரீனை 5.4 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தணும். ஸ்டாப்பை இரண்டு மடங்கு பெரிசாக்கினால் தூரம் பாதியாகும். அவ்வளவுதான். கால்குலேட்டரில் பத்து செகண்ட். ஆனா இந்தப் பத்து செகண்ட் கணக்கு கையில் இல்லாதப்போ எத்தனை தகடு குப்பைக்குப் போயிருக்கும்னு யோசிங்க. அதுவும் ஸ்க்ரீன், லென்ஸ், ரசாயனம் எல்லாம் கப்பலில் வரணும்.

பென்ரோஸ் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை அச்சுத்தொழிலுக்கு ஒரு ஆண்டு மலர் வெளியிட்டது. உலகம் முழுக்க பிளாக் செய்கிறவர்கள் படிச்ச புத்தகம். அதில் 1897இல் ஸ்க்ரீனை ஃபோகஸ் செய்வதைப் பத்தி அவருடைய கட்டுரை வந்தது. அடுத்த வருஷம் ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு. அதுக்கு அடுத்த வருஷம் அதே கோட்பாட்டை வரைபடமா விளக்கினது. ஸ்க்ரீன் தூரத்தைத் தானாகவே சரிசெய்கிற ஏற்பாட்டைப் பத்தி, 60 டிகிரி ஸ்க்ரீனைப் பத்தி, ஒரே துளைக்குப் பதிலா பல துளைகள் வெச்ச ஸ்டாப்பைப் பத்தி என்று 1911-12 வரைக்கும் விட்டு விட்டு எழுதினார். சும்மா ஆர்வலர் கடிதம் இல்லை. லண்டன் ஆள்கள் தங்கள் பட்டறையில் செஞ்சு பார்த்த விஷயங்கள்.

இதில் எனக்குப் பிடிச்சது டிஃப்ராக்‌ஷன் பத்தி அவர் எழுதினது. மேலே சொன்ன முக்கோணக் கணக்கு ஒளி நேர்கோட்டில் போகும்னு நம்பிப் போட்டது. ஆனா 0.085 மில்லிமீட்டர் ஓட்டை வழியா போற நீல ஒளி 5 மில்லிமீட்டர் தள்ளி விழும்போது நேர்கோட்டில் நிக்காது, விளிம்பில் வளைஞ்சு பரவும். முதல் வருஷ ஃபிசிக்ஸில் படிச்ச ஃப்ரெனெல் எண்ணைப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணுக்குப் பக்கத்தில் வரும். அதாவது டிஃப்ராக்‌ஷனை ஒதுக்கவே முடியாத இடம். தன்னுடைய சொந்தக் கோட்பாட்டுக்கே எல்லை எங்கேன்னு போய்ப் பார்க்கிறது சாதாரண விஷயம் இல்லைங்க. நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டில் லிமிடேஷன்ஸ்னு ஒரு பாரா எழுதச் சொன்னாலே நமக்குக் கசக்கும்.

நெகட்டிவ் நல்லா வந்தாச்சுன்னு வெச்சுக்குவோம். அதோட முடியலை. அடுத்தது உலோகம். நெகட்டிவில் இருக்கும் புள்ளியைத் தகட்டில் மேடா எழுப்பணும். செம்புத் தகட்டை நல்லா மெருகேத்தி, அதில் மீன் பசையையும் பைக்ரோமேட்டையும் கலந்து பூசுவாங்க. வெளிச்சம் பட்ட இடத்தில் பசை இறுகிடும், படாத இடம் தண்ணியில் கழுவிப் போயிடும். இறுகின பசையைச் சூட்டில் வாட்டினால் எனாமல் மாதிரி ஆகும். பிறகு ஃபெர்ரிக் குளோரைடு. நம்ம லேபில் பி.சி.பி. எட்ச் பண்ண ஒரு பழுப்புத் தண்ணி வெச்சிருப்பாங்களே, சட்டையில் பட்டா போகவே போகாதே, அதேதான். பசை மூடின இடம் தப்பிக்கும், மூடாத செம்பு கரையும்.

ஆனா அமிலமோ உப்போ கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் தின்னும். பி.சி.பி.யில் டிராக் மெலிஞ்சு போறது இதனாலதான். புள்ளியில் இது நடந்தால் படத்தின் வெளிச்சமே மாறிடும். அதிகம் அரிச்சால் முகத்தில் இருக்கும் மெல்லிய புள்ளிகள் உதிர்ந்து வெள்ளையா வெளுத்துப்போகும். குறைவா அரிச்சால் பள்ளத்தில் மை அடைச்சு நிழல் எல்லாம் ஒரே கறுப்பு. துத்தநாகத் தகடு விலை குறைவு, நைட்ரிக் அமிலத்தில் சீக்கிரம் வேலை முடியும், ஆனா அரிப்பு முரடா இருக்கும். அதனால் நியூஸ்பேப்பருக்கான அகலமான புள்ளிக்கு அது போதும். நுணுக்கமான ஸ்க்ரீனுக்குச் செம்புதான். அதிலும் முதல் அரிப்புக்கு அப்புறம், கருமையா இருக்கவேண்டிய இடங்களை வார்னிஷ் வெச்சு மூடிட்டு, மிச்ச இடத்தை மட்டும் இன்னொரு தடவை அரிப்பாங்க. கேமரா செய்யாததை இந்தக் கை செய்யணும். கணக்கு தெரிஞ்சவரே பிரஷ் பிடிக்கத் தெரிஞ்ச ஓவியரா இருந்ததுதான் யு. ரே பட்டறையின் பலம்னு நினைக்கிறேன்.

இதையெல்லாம் வங்காளத்து ஆடி மாச ஈரத்தில் செய்யணும் என்பதை மறந்துடாதீங்க. பைக்ரோமேட் கலந்த பசை வெயில் காலத்தில் இருட்டிலேயே தானா இறுக ஆரம்பிக்கும். காத்தில் ஈரம் கூடினால் அதோட வேகமே மாறும். லண்டன் குளிரில் எழுதின அளவுகள் கல்கத்தாவில் அப்படியே செல்லுபடி ஆகாது.

அவர் கடை திறந்த அதே 1895இல், இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் லங்காஸ்டர் என்ற ஊரில் வேற ஒருத்தர் இதே பிரச்சினைக்கு நேர் எதிரா ஒரு விடை கண்டுபிடிச்சு கம்பெனி தொடங்கினார். கார்ல் கிளிச், பொஹீமியாக்காரர், அவரும் கார்ட்டூன் வரைஞ்ச ஓவியர்தான். புள்ளியை மேடா எழுப்பாமல் பள்ளமா தோண்டினார். தகட்டுக்குப் பதிலா உருளை. உருளை முழுக்க மை பூசி, கூரான பிளேடால் மேலே வழிச்சு எடுத்துட்டால், பள்ளங்களில் மட்டும் மை நிக்கும். தாளை அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு வந்துடும். இதுதான் கிராவ்யூர். ஆழமான பள்ளத்தில் மை அதிகம், அதனால் கருமை. ஆழமில்லாத பள்ளத்தில் மெல்லிய படலம். ஹாஃப்டோனில் மையின் தடிமன் மாறாது, புள்ளியின் பரப்புதான் மாறும். கிளிச்சின் முறையில் பரப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், தடிமன் மாறும். உண்மையான சாம்பலே கிடைச்சிடுச்சு. உருளைக்கான யோசனையும் சும்மா வரலை. அவர் வேலை செஞ்ச ஸ்டோரி பிரதர்ஸ், செம்பு உருளையால் துணிக்கு டிசைன் அச்சடிக்கிற கம்பெனி. துணி மில்லுக்குள் ஒரு ஃபோட்டோகிராஃபர் புகுந்ததால் வந்த கண்டுபிடிப்பு இது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பேர் வாங்கின ஊர்க்காரங்களான நாம இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணுமா இல்லையா? நம்ம ஊரில் ஸ்டேன்ஸ் மில் 1888லேயே ஓட ஆரம்பிச்சாச்சு.

கிராவ்யூர் உருளையை அரிக்கிறது இன்னும் வம்பு. ஜெலட்டின் பூசின கார்பன் டிஷ்யூவில் படத்தை ஏத்தி உருளை மேல் ஒட்டுவாங்க. கருமை வேண்டிய இடத்தில் ஜெலட்டின் மெல்லிசு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தடிப்பு. இங்கேயும் அதே ஃபெர்ரிக் குளோரைடுதான். ஆனா நாம நினைக்கிறதுக்கு நேர்மாறா, கெட்டியான கரைசல் ஜெலட்டினை மெதுவாத்தான் துளைக்கும், தண்ணி கலந்தால் வேகமா துளைக்கும். அதனால் முதலில் கெட்டியில் ஆரம்பிச்சுக் கருமையான இடங்களை அரிக்கவிட்டு, படிப்படியா நீர்த்த கரைசலுக்குப் போவாங்க. நிமிஷக் கணக்கு தப்பினால் உருளையைக் கடைந்து மறுபடி செம்பு முலாம் பூசணும். இப்போ இந்த வேலையை வைர ஊசி செய்யுது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்தி, தலைகீழ் பிரமிட் மாதிரி பள்ளம் தோண்டும். சில இடங்களில் லேசர். மேலே குரோமியம் முலாம், பிளேடு உரசித் தேயாமல் இருக்க. மசாலா பாக்கெட், சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே எல்லாம் பெரும்பாலும் இந்த உருளையிலிருந்துதான் வருது. அந்த வழவழ பிளாஸ்டிக்கில் பள்ளத்து மை நல்லா ஒட்டி எழும்பும். சொரசொரப்பான தாளில் அடிச்சால் பள்ளத்தைத் தாள் தொடாமலே போய் அங்கங்கே புள்ளி விட்டுப்போகும். ஒரு கவரை ஜூம் பண்ணி எழுத்தின் ஓரத்தைப் பாருங்க, சின்ன ரம்பப் பல் தெரிஞ்சால் அது கிராவ்யூர். எழுத்தையும் பள்ளம் பள்ளமாத்தான் தோண்டணும், வேற வழி இல்லை.

கிளிச் தன் முறையை வருஷக்கணக்கில் ரகசியமா வெச்சிருந்தார். கம்பெனியும் வாயைத் திறக்கலை. உபேந்திரகிஷோர் தான் கண்டுபிடிச்சதை எல்லாம் ஆண்டு மலரில் அச்சடிச்சு உலகத்துக்கே கொடுத்துட்டார். தொழிலா பார்த்தால் கிளிச் செஞ்சதுதான் புத்திசாலித்தனம். எனக்கு மட்டும் ஏனோ மனசு கல்கத்தா பக்கமே போகுது.

யு. ரே பட்டறை பேர் வாங்கிடுச்சு. ராமானந்த சாட்டர்ஜி நடத்தின பிரபாசி, மாடர்ன் ரிவ்யூ பத்திரிகைகளில் இந்திய ஓவியர்களின் கலர் படங்கள் வந்துச்சு. அதுக்கான பிளாக்குகள் இங்கே இருந்துதான் போச்சு. மஞ்சள், சிவப்பு, நீலம்னு மூணு பிளாக். மூணு ஸ்க்ரீனையும் சரியான கோணத்தில் திருப்பி வைக்கலைன்னா, கொசுவலை இரண்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டால் அலை அலையா தெரியுமே, அந்த மாதிரி படம் முழுக்க ஓடும். அதுவரைக்கும் ஒரு ஓவியத்தைப் பார்க்கணும்னா அது மாட்டியிருக்கிற வீட்டுக்குப் போகணும். இப்போ பத்திரிகை வாங்குகிற ஊர் எல்லாம் அது போய்ச் சேர்ந்தது.

மூத்த மகன் சுகுமார் 1911இல் ஸ்காலர்ஷிப்பில் இங்கிலாந்து போனார். லண்டனில் ஃபோட்டோ எங்கிரேவிங் பள்ளி, பிறகு மான்செஸ்டரில் ஸ்கூல் ஆஃப் டெக்னாலஜி. அப்பா லண்டன் பக்கமே போகாமல் எழுதின கோட்பாடுகளை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும் என்பதால், மகனுக்கு அங்கே அறிமுகம் தேவைப்படலை. 1913இல் திரும்பினார். கம்பெனி பேர் அதுக்குள் யு. ரே அண்ட் சன்ஸ்.

அதே 1913இல், வங்காளி வருஷம் பிறந்த சித்திரையில், உபேந்திரகிஷோர் சந்தேஷ் என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ்னா செய்தி. சந்தேஷ்னா அந்த ஊர்ப் பால்கோவா மாதிரி ஒரு ஸ்வீட்டும்கூட. எழுதுகிறவரும் அவரே, படம் வரைகிறவரும் அவரே, பிளாக் செய்கிறவரும் அவரே, அச்சடிக்கிறவரும் அவரே. கார்பார் ரோடு 100ஆம் எண்ணில் தானே திட்டம் போட்டு வீடு கட்டினார். முன்பக்கம் பிரஸ், பின்னாடி குடும்பம். ராமாயணப் படங்கள் கெட்டுப்போன கோபத்தில் ஆரம்பிச்ச வேலை, ஒரு கட்டைகூட வெளியே கொடுக்கத் தேவையில்லாத இடத்துக்கு வந்து நின்னுச்சு. அதுக்கு ஏறக்குறைய 20 வருஷம் பிடிச்சது.

ஆனா அதை அனுபவிக்க அவருக்கு மூணு வருஷம்கூடக் கிடைக்கலை. சர்க்கரை வியாதி. இன்சுலின் கண்டுபிடிச்சது 1921இல், அப்போ கையில் மருந்தே கிடையாது. நம்ம கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒரு தாத்தா இருப்பார். இன்சுலின் போட்டுக்கிட்டு எண்பது வயசு வரைக்கும் வாக்கிங் போவார். உபேந்திரகிஷோர் 1915 டிசம்பர் 20ஆம் தேதி 52 வயசில் இறந்தார். கூபி, பாகா கதை சந்தேஷில் வந்ததும் அதே வருஷம்தான்.

சுகுமார் எடுத்து நடத்தினார். அவர் அப்பாவைவிடப் பெரிய ஓவியர்னு சொன்னால் சண்டைக்கு வரமாட்டீங்கன்னு நம்புறேன். வங்காளிக் குழந்தைகள் இன்னைக்கும் மனப்பாடமா சொல்கிற ஆபோல் தாபோல் பாட்டுகள் அவருடையவை. ஆனா அவருக்குக் காலா ஆசார் காய்ச்சல் வந்தது. படுக்கையில் இருந்துகிட்டே படம் வரைந்தார், பக்கம் வடிவமைத்தார். 1923 செப்டம்பர் 10ஆம் தேதி இறந்தார், வயசு 35. ஆபோல் தாபோல் புத்தகமா வெளிவந்தது அதுக்கு ஒன்பது நாள் கழிச்சு. தம்பி சுபினய் கொஞ்ச காலம் தாக்குப்பிடிச்சார். கோட்பாடு தெரிஞ்ச இரண்டு பேரும் போயாச்சு, கடன் மட்டும் நின்னுச்சு. சில வருஷத்தில் யு. ரே அண்ட் சன்ஸ் திவாலானது. கார்பார் வீடும் மெஷின்களும் கைமாறிப்போச்சு. சுகுமாரின் மனைவி சுப்ரபா ஆறு வயசு வாக்கிலிருந்த மகனைக் கூட்டிக்கிட்டு பவானிபூரில் தன் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போனார்.

அந்தப் பையன்தான் சத்யஜித். 1921 மே 2ஆம் தேதி அந்த கார்பார் ரோடு வீட்டிலேயே பிறந்தவர். தாத்தாவைப் பார்த்ததே இல்லை, அப்பா போனப்போ இரண்டு வயசு. ஆனா பிரஸ் ஞாபகம் இருந்ததுன்னு பின்னாளில் சின்ன வயசைப் பத்தி எழுதும்போது சொல்லியிருக்கார். மதிய நேரத்தில் கிறுக்கின தாளை எடுத்துக்கிட்டுக் கேமரா அறைக்குப் போவாராம், இதையும் சந்தேஷில் போடுங்கன்னு கேட்க. கேமராவைப் பார்த்துக்கிட்டிருந்த தொழிலாளி மாட்டேன்னு சொன்னதே இல்லை. தாளை வாங்கி முன்னாடி மாட்டிட்டு, பையனை அப்படியே தூக்கி, கேமராவின் பின்பக்கம் இருக்கும் மங்கலான கண்ணாடியைக் காட்டுவார். அதில் அவனுடைய கிறுக்கல் தலைகீழா வெளிச்சமா தெரியும்.